நான் கேட்டு வாங்கிய இருநூறு வாட்

ஒரு வீட்டில் மின்சாரம் நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, ஒரு விளக்கைப் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நாலு மாதம் முழுக்க எனக்கு அது ஏன் தோன்றவில்லை? பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்டிபிஎம் வரை படித்தவள் நான். பள்ளியில் பேட்டரியும் பல்பும் வைத்துச் சோதனை செய்து நோட்டில் படம் வரைந்தவள். குழந்தைக்கு உடம்பு சுட்டால் ஒரு தடவைக்கு மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறவள். இந்த ஒன்றில் மட்டும் பார்க்காமலே எப்படி முடிவுக்கு வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இது நடந்தது தொண்ணூற்றேழில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய மாடி வீடு. மேலே ஓர் அறையும் சமைக்க ஒரு மூலையும் எங்களுக்கு. என் கணவர் கடல் தாண்டி சரவாக்கில், பிந்துலுவில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் வருவார். மற்ற நாட்களில் நானும் பத்து மாதக் குழந்தையும்தான். என் பெற்றோர் டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே இருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்பதால் அம்மா எப்போதாவதுதான் வருவார்.

கீழே வீட்டுக்கார அக்கா. ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதிருக்கும், திருமணம் செய்துகொள்ளாதவர். அரசாங்க அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். அவர் பேசும் தமிழ் எங்கள் தோட்டத்துத் தமிழ்போல இருக்காது. முதல் நாளே அது எனக்கு ஒரு சின்னக் கூச்சத்தைக் கொடுத்தது. நான் வாயைத் திறந்தால் நான் எங்கிருந்து வந்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்தால் என்ன என்று நினைக்கத் தெரியவில்லை.

சாமான் இறக்கிய அன்றே அவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். "பிள்ளை, கரண்ட் வாடகைக்குள்ளதான். ஆனா நாற்பது வாட்டுக்கு மேலே பல்பு போடக்கூடாது. அயர்ன் பண்ணுறது ஞாயிற்றுக்கிழமை மட்டும். என்ன?"

"சரிங்க அக்கா" என்றேன். காரணம் கேட்கவில்லை. எங்கள் மேசைக் காற்றாடியைத் தலைகீழாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். "ஐம்பது வாட். சரி, இருக்கட்டும்."

குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலேயே தட்டச்சு வேலை செய்யலாம் என்று கணவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை நண்பரிடமிருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத்துக் கடிதங்கள். அதைப் பார்த்ததும் அக்கா கேட்டது நினைவிருக்கிறது.

"இது எத்தனை வாட்?"

"டிவி மாதிரிதான் இருக்கும் அக்கா."

"டிவியெண்டா பாட்டாவது கேக்கும். இது டக்குடக்கெண்டெல்லோ கேக்குது" என்று சிரித்தார்.

கெட்டவர் என்று சொல்லவே முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வந்து, கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல் படிக்கட்டின் கீழே நின்று, "குட்டி, வாரும் பாப்பம்" என்று கையை நீட்டுவார். என் மகள் அவரைக் கண்டால் தவழ்ந்து போய்ப் படியின் ஓரத்தில் நிற்பாள். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் குளிப்பேன், அரிசி கழுவுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் கீழே அக்காவின் போனுக்குத்தான் கூப்பிடுவார். "பிள்ளை, போன்!" என்ற குரல் வந்தால் ஓடி இறங்குவேன். ஒரு நாளில் என்னைப் பெரியவர்கள் யாராவது கூப்பிட்டார்கள் என்றால் அந்தக் குரல்தான்.

ஒரு லீவில் வந்தபோது என் கணவர் கம்ப்யூட்டரில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும், சிடி போடும் டிரைவும் பொருத்தினார். பத்திரிகைக்குத் தேவையான பிள்ளையார், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணப் படங்களெல்லாம் ஒரு சிடியில் கிடைத்திருந்தன. அவர் திரும்பிப் போன இரண்டாவது வாரம், பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றேன்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியை டாக்சியில் ஏற்றி, புக்கிட் பிந்தாங் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளாக இருக்கும் கட்டடத்துக்குப் போனேன். ஒரு சீனக் கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார். பேச்சுக்குப் பேச்சு வரும் 'லா'வை மட்டும் விட்டுவைத்து, நான் தமிழில் எழுதுகிறேன்.

"யாரு லா உள்ளே இவ்வளவு சாமான் வெச்சது? ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு சிடி. பழைய பவர் சப்ளை பாவம், செத்துப்போச்சு."

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் தகரப் பெட்டி என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கால்குலேட்டரை எடுத்து இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று தட்டிக் கூட்டினார்.

"முந்நூறு வாட் எடு, தங்காச்சி. கொஞ்சம் மிச்சம் இருக்கணும்."

"இருநூறு இருக்கா?"

"இருக்கு. உனக்குப் பத்தாது."

"முந்நூறு போட்டா கரண்ட் ஜாஸ்தி இழுக்குமே?"

"ஐயோ, இல்ல லா! நாப்பது சீட்டு பஸ்ல பத்துப் பேர் ஏறினா பத்து டிக்கெட்தான். அதுக்கு வேணும்கிறதை மட்டும்தான் எடுக்கும். முந்நூறு போட்டா முந்நூறும் தின்னாது."

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குள் ஒன்று சொன்னது. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் முந்நூறு என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்வதுதான் என் கண்ணுக்கு வந்தது. நாற்பது வாட் பல்பு ஏழெட்டை ஒன்றாக எரியவிட்டதுபோல் அல்லவா அவர் நினைப்பார்? இருநூறு என்றால் ஐந்து பல்புதான். என்னுடைய கணக்கு அவ்வளவுதான்.

"இருநூறே குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாளைக்கு வந்து என்கிட்ட சண்டை போடக்கூடாது, ஓகே?" என்று சொல்லிவிட்டு அதையே பொருத்தினார்.

வீட்டுக்குள் நுழையும்போது அக்கா எதிரே வந்தார். அன்று ஏதோ பொது விடுமுறை. நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். "இருநூறு அக்கா" என்றேன்.

"இருநூறோ?" முகம் மாறிவிட்டது. "கவனம் பிள்ளை. கவனமா இரும்."

அந்தக் 'கவனம்' எனக்கு மிரட்டலாகக் கேட்டது. இருநூறுக்கே இப்படி என்றால் முந்நூறு வாங்காததே நல்லது என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மாடியேறினேன்.

கிழமை நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் குழந்தை தூங்கும்போது தட்டச்சு செய்வேன், ஓடும். சனிக்கிழமை மத்தியானம்தான் வாடிக்கையாளர்கள் வருவார்கள். அவர்கள் படம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் அன்றுதான் சிடியைப் போடுவேன். அந்த வாரத்து வேலையையெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பதும் அன்றுதான். அக்காவுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒன்றரைக்கு வந்துவிடுவார். இவை இரண்டும் ஒரே நாளில் வந்ததுதான் என் கெட்ட நேரம் என்று சொல்ல வேண்டும். கெட்ட நேரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

அப்படி ஒரு சனிக்கிழமை, காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் தங்கை கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். திரையில் பிள்ளையார் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். பட்டென்று திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக முதலிலிருந்து தொடங்கியது. செய்து வைத்திருந்த பத்திரிகை போய்விட்டது. திரும்பச் செய்தேன். சிடியைப் போட்டேன். மறுபடியும் கறுத்தது.

"அக்கா, உங்க கம்ப்யூட்டருக்குப் பிள்ளையார் மேல என்ன கோவம்?" என்று சிரித்தார் அவர்.

மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ யாரோ கரண்ட அமத்தி அமத்திப் போடறாங்க போல இருக்கே. எங்க தாமான் குடியிருப்புல ஒரு வீட்டுக்காரன் இப்படித்தான் பண்ணான் லா. வாடகைக்கு இருந்தவங்க ஓடியே போய்ட்டாங்க."

அதே நேரம் கீழே ஒரு கதவு கிரீச்சென்று சத்தம் போட்டது. மெயின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அலமாரிக்குள் இருந்தது. அக்காவின் விளக்குமாறும் அங்கேதான் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீடு பெருக்குகிற நேரம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் எனக்கு விளக்குமாறு ஞாபகம் வரவில்லை.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நொடி நிறுத்திப் போட்டால் காற்றாடி நிற்காது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பகல் என்பதால் விளக்குப் போடவில்லை. பகலில் விளக்குப் போட்டால் அக்கா ஏதாவது சொல்வார் என்று நான் போடுவதே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழே கதவுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் சத்தமும் திரை கறுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். வராத நாட்களை நான் எண்ணவே இல்லை. நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு சங்கத்துக்காரர் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, "பரவால்ல மா, வேற எங்கேயாவது பாத்துக்கறேன்" என்று எழுந்து போனார். அன்று மதியம் முழுக்க அழுதேன்.

அழுது முடித்தபோது முடிவும் எடுத்துவிட்டேன். சாயங்காலம் அக்கா படிக்கட்டடியில் கை நீட்டியபோது, குழந்தைக்குச் சளி என்று சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டேன். அடுத்த நாள் தூங்குகிறாள் என்றேன். நாலைந்து நாள் கழித்து அவரே கேட்டார், "என்ன பிள்ளை, குட்டியைக் கீழே காணேல்லை?" ஒரு பதிலைச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் மகள் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். ஐந்தரை மணி ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த வீட்டில் எனக்குப் பேச ஆளே இல்லை. இருந்த ஒரே ஆளோடு பேசுவதை நானே நிறுத்திக்கொண்டேன். மத்தியானத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டால், அதில் எத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள் என்று நினைப்பேன். போனில் எதையும் சொல்ல முடியாது, போன் அக்காவின் கூடத்தில் இருந்தது. அதனால் பிந்துலுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டுக்கார அக்கா வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துகிறார் என்று எழுதினேன். 'போல இருக்கிறது' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கணவர் லீவில் வந்தார். வந்த மறுநாளே இறங்கிப் போய்விட்டார். நான் குழந்தையோடு மாடிப்படியில் நின்றேன்.

"அக்கா, கரண்டுக்குத் தனியா வேணும்னா கேளுங்க, குடுத்துடறேன். பச்சப்பிள்ளைய வெச்சிக்கிட்டுத் தனியா இருக்கிறவகிட்ட மெயின் சுவிட்ச அமத்தி வெளையாடாதீங்க."

அக்காவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும், "நானோ?" என்றார். "தம்பி, அந்தச் சுவிட்சைத் தொடவே எனக்குப் பயம். நான் ஏன் அதை நிறுத்தப் போறன்?"

"அப்ப பேயா வந்து நிறுத்துது?" என்றார் என் கணவர்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீரோ அப்பிடிச் சொன்னனீர்?"

என் மகள் அவரைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் துள்ளிக்கொண்டிருந்தாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அக்கா உள்ளே போய்விட்டார்.

அந்த லீவு முடிவதற்குள் கிள்ளானில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டோம். சாமான் ஏற்றிய அன்று அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னோடு பேசவில்லை. லோரிக்காரரிடம் மட்டும், "தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை அடியிலே வையாதேயும். நசிஞ்சு போகும். அது அந்தப் பிள்ளையின்ர தொழில்" என்றார். எனக்குக் கேட்டது. கேட்காததுபோல முன் சீட்டில் ஏறினேன்.

கிள்ளான் வீட்டில் எல்லாம் எங்கள் இஷ்டம். மீட்டர் எங்கள் பேரில். மெயின் சுவிட்ச் எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால். கூடத்தில் நூறு வாட் பல்பு போட்டோம். கணவர் பிந்துலுவுக்குத் திரும்பினார். இடது பக்கத்து வீடு காலி. வலது பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம், இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய் இருட்டியபின் வருவார்கள். புது வீட்டில் நாலு நாள் தொடர்ந்து பெரியவர்கள் ஒருவர் குரலும் கேட்காமல் இருந்தேன். ஐந்தாம் நாள் தெருவில் வந்த ரொட்டிக்காரர் ஹாரனைப் 'பேங்' என்று அடித்தபோது, தேவையே இல்லாமல் ஓடிப் போய் ஒரு ரொட்டி வாங்கினேன்.

மூன்றாவது வாரம் காப்பார்க்காரர் வந்தார். இந்த முறை அவருக்கே கல்யாணம். "இப்ப என் டர்ன் அக்கா. கிள்ளானுக்கு வந்துட்டீங்க, எனக்கும் பக்கம்" என்று உற்சாகமாக உட்கார்ந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்து விளக்கைப் போட்டேன். சிடியைப் போட்டேன். டிரைவ் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

பட்டென்று திரை கறுத்தது.

நான் அண்ணாந்து பார்த்தேன். நூறு வாட் பல்பு சற்றும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன அக்கா, அந்தம்மா இங்கேயும் வந்துட்டாங்களா?" என்று சிரித்தார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் திரும்பத் தொடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் சிடியைப் போட்டேன். இந்த முறை திரையைப் பார்க்கவே இல்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை பட்டென்று கறுக்கும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. மூன்றாவது முறையும் செய்தேன். "போதும் அக்கா, நான் அடுத்த வாரம் வரேன்" என்று அவர் மழையிலேயே கிளம்பிவிட்டார். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்.

திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இருநூறைத் தட்டிக் காட்டினார்.

"நான் சொன்னேன்ல தங்காச்சி? சும்மா டைப் பண்ணும்போது ஓடும். ரெண்டு டிஸ்க்கும் சிடியும் ஒண்ணா சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல ஒரேயடியா கேக்கும். இதால குடுக்க முடியாது. பயந்து ரீசெட் ஆயிடும்."

முந்நூறு பொருத்தினார். அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூடத் திரை கறுக்கவில்லை. அடுத்த மாத மின்சாரக் கட்டணமும் முதல் மாதத்தைப் போலவேதான் வந்தது. அவர் பஸ் கணக்கு சரிதான். கம்ப்யூட்டர் வாங்கப் போகும் சகோதரிகளுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருப்பவை எல்லாம் ஒன்றாக வேலை செய்தால் எவ்வளவு கேட்கும் என்று கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள்.

கணவரிடம் போனில் சொன்னேன். "சரி, விடு. வீடு மாறியாச்சு. இனிமே அதப் பத்திப் பேசி என்ன ஆகப் போகுது?" என்றார். அவருக்கும் உறுத்தியிருக்கும். நான் எழுதியதை நம்பித்தானே அவர் பேசினார்?

இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். ரயிலில் போகும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கேட்டைத் திறந்த அக்கா முதலில் மகளைத்தான் பார்த்தார். "ஐயோ, வளர்ந்திட்டாள்!" என்று வாங்கிக்கொண்டார். மகள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தேநீர் போட்டுத் தந்தார். என் கணவரை விசாரித்தார். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தொடங்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கள் போன பிறகு நான் வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினனான், பிள்ளை. ஒரு பிழையும் இல்லையெண்டுதான் சொன்னவன். எண்டாலும் உமக்கு நிண்டு நிண்டு போனதெல்லோ? எனக்கு மனம் கேக்கேல்லை. மெயின் பெட்டியையே மாத்தி, மேலே போற வயரையும் புதுசாப் போடுவிச்சிட்டன். பழசு அப்பாட காலத்து வயர். நெருப்புப் பிடிச்சிடுமோ எண்டு பயத்திலேதான் நாற்பது வாட், நாற்பது வாட் எண்டு கத்துறனான். மேலே குழந்தைப் பிள்ளை வேற இருந்தது."

நான் டம்ளரை மேசையில் வைத்தேன்.

"மேலே இப்ப யாரு இருக்காங்க அக்கா?" என்றேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"ஒருத்தரும் இல்லை. இனிக் குடுக்கேல்லை. பிறகும் ஆரும் அப்பிடி நினைச்சா எனக்குத் தாங்காது." சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மகளை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார். "அங்கே கிள்ளானிலே கரண்ட் ஒழுங்கா இருக்கோ? நிக்கிறதில்லையே?"

அதுதான் நேரம். அதைவிட நல்ல நேரத்தை எனக்கு யாரும் தரமுடியாது.

"இல்ல அக்கா" என்றேன். "அங்க நிக்கிறதில்ல."

"நல்லது" என்றார். தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப இங்கேதான் ஏதோ பிழை" என்றார்.

நான் டம்ளரை எடுத்துத் தேநீரைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது என் மகள் அவர் கழுத்தை விடமாட்டேன் என்று அழுதாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் தூக்கி வந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அக்காவின் அலுவலகத் தோழி ஒருவரைப் பார்த்தேன். இந்த வருடக் கடைசியில் அக்கா ஓய்வு பெறுகிறாராம். வீட்டை விற்றுவிட்டு ஈப்போவில் தம்பி குடும்பத்தோடு போய் இருக்கப் போகிறாராம். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கணவர், "அவங்களே மறந்திருப்பாங்க. நீ போய்ச் சொன்னா பழசக் கிளறின மாதிரி ஆயிடும். உன் மனசு லேசாகறதுக்காக அவங்க மனசப் புண்ணாக்குவியா?" என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பிழையும் செய்யாதவர், தன் வீட்டில் ஏதோ பிழை இருந்தது என்று நம்பிக்கொண்டே அந்த வீட்டை விட்டுப் போவாரே? அப்பா கட்டிய வீட்டை அப்படி நினைத்துக்கொண்டா விட்டுப் போக வேண்டும்?

யாரையாவது தவறாக நினைப்பது ஒரு நொடி வேலையாக இருக்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் போதவில்லை.

வாசக சகோதர சகோதரிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். நான் போய்ச் சொல்ல வேண்டுமா, அல்லது என் கணவர் சொல்வதுபோல் விட்டுவிட வேண்டுமா? சொல்வதென்றால் நேரிலா, கடிதத்திலா? கடிதம் என்றால் மற்றதை நான் எழுதிக்கொள்வேன். எத்தனையோ பேருக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். முதல் வரிதான் வரமாட்டேன் என்கிறது. 'அன்புள்ள அக்காவுக்கு' என்பதற்கு அடுத்து என்ன எழுதுவது என்று, தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சொல்லுங்கள்.